மலையுச்சியில் வாசல் தெளித்த கதை

1

"நீ இருக்கிற ஊரைப் பத்தி நம்ம படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பு மாமே. பூகோளம் இருக்கட்டும், சரித்திரமும் கொஞ்சம் இருக்கட்டும். பனி பெய்யுது, குளுருதுன்னு நாலு வரி எழுதி ஏமாத்தாதே" என்று ஆறுமுகம் கேட்டிருந்தான். பட்டாபிராமில் என்னோடு எட்டாவது வரைக்கும் படித்தவன் அவன். நான் அதோடு நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு அச்சு செய்யும் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர் என் கை வேலையைப் பார்த்துவிட்டு இங்கே கூப்பிட்டார். அவ்வளவுதான் என் படிப்பும் பயணமும். அதனால் பூகோளத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரை மட்டும் தனியாக எழுத எனக்கு வரவில்லை. போன குளிர்காலத்தில் எங்கள் தலைக்கு மேலிருந்த கூரை போகப் பார்த்தது. அதையும் சேர்த்துத்தான் எழுத முடிகிறது.

முதலில் பூகோளம். கைப்பிடி வைத்த வாணலி ஒன்றைத் தரையில் கவிழ்த்து வையுங்கள். கைப்பிடி கிழக்கே இருக்கட்டும். மற்ற மூன்று பக்கமும் சுற்றி ஒரு ஆற்றை ஓட விடுங்கள். அதுதான் ஊர். வாணலியின் பக்கவாட்டில் திராட்சைக் கொடி, அதற்கு மேலே மொட்டைப் பாறை, பாறைமேல் மதில், மதிலுக்குள் வீடுகள். உள்ளே வருவதும் வெளியே போவதும் கைப்பிடி வழியாகத்தான். அங்கே ஒரு கோட்டை வாசல். வேறு வாசல் கிடையாது. ஒரு முனையில் பீடி பற்ற வைத்தால், அது தீருவதற்குள் மறுமுனை மதிலில் முட்டிக்கொண்டு நிற்கலாம்.

நம்ம பக்கம் உயரம் என்றால் ஏரிக்கரைதான். அதன்மேல் ஏறி நின்றால் இந்தப் பக்கம் ஆவடி, அந்தப் பக்கம் திருநின்றவூர் என்று கண்ணுக்கு எட்டிய மட்டும் தரை படுத்துக் கிடக்கும். எந்தத் திசையில் நடந்தாலும் கால் போய்க்கொண்டே இருக்கும். இங்கே எந்தத் திசையில் நடந்தாலும் நின்றுவிட வேண்டும். மலைமேல் இருப்பவனுக்கு ஊரெல்லாம் தெரியும், நாலு அடி எடுத்து வைக்க மட்டும் வழி இருக்காது. என் மனைவி சரசு பாரிவாக்கத்துப் பெண், வயல் வரப்பில் ஓடி வளர்ந்தவள். போன வருஷம் சித்திரையில் மகள் மலரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிய அன்று மதிலோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு கேட்டாள்:

"இன்னாய்யா, அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நல்ல ஊரு. தடுக்கி வுயுந்தா உருண்டுகினே வேலைக்குப் போயிடலாம்."

நான் வேலை செய்யும் தொழிற்சாலை கீழே ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அவள் சொன்னது பாதி உண்மை.

2

சரித்திரத்தைக் கோட்டை வாசலில் ஒரு தகரப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அகராதியும் கையுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று படித்தேன். ஆதியில் இந்த மேட்டில் ஆடு மேய்க்கிறவர்களின் குடிசையும் ஒரு சின்னக் கோவிலும்தான் இருந்தனவாம். கீழே ஆற்றோரமாக உப்பு வண்டிகள் போகும் பாதை. ஒரு சிற்றரசன் அந்த வண்டிகளை மேலிருந்து பார்த்தான். பார்த்ததும் அவனுக்குச் சுங்கம் ஞாபகம் வந்துவிட்டது. கைப்பிடியின் குறுக்கே பள்ளம் வெட்டினான், கோபுரம் கட்டினான். கோபுரம் மட்டும் இருந்தால் போதுமா? ரொட்டி சுட, லாடம் அடிக்க, மதில் காக்க ஆள் வேண்டுமே. மொட்டைப் பாறைக்கு எவன் வருவான்?

அப்போது இந்த நாட்டில் ஏழை ஜனங்கள் நிலத்தோடு கட்டப்பட்டிருந்தார்கள். நிலத்துக்காரன் விட்டால்தான் அடுத்த ஊருக்கே போகலாம். சிற்றரசன் ஒரு சட்டம் போட்டான். ஓடி வந்து என் மதிலுக்குள் ஒரு வருஷமும் ஒரு நாளும் இரு. அதற்குள் உன் பழைய எஜமான் வந்து உன்னைக் கேட்காவிட்டால் நீ சுதந்திர மனுஷன். அப்புறம் எவனும் உன்மேல் கை வைக்க முடியாது. இந்த மாதிரி சட்டம் இந்தத் தேசத்துப் பழைய நகரங்கள் பலவற்றிலும் இருந்ததாம். ஜனங்கள் ராவோடு ராவாக ஏறி வந்தார்கள். வீட்டின் பின்சுவரையே மதிலாக வைத்துக் கட்டினார்கள். நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கும் பின்சுவர் மதில்தான். ஜன்னல் உள்ளங்கை அகலம்.

இதையெல்லாம் நான் அன்று சோறு தின்றுகொண்டே பெருமையாகச் சொன்னேன். சரசு கேட்டாள்:

"தண்ணி?"

"இன்னா தண்ணி?"

"பாறைமேல கிணறு கீதா?"

"அப்ப இல்ல. வெட்ட ஆரம்பிச்சவனோட பேரன் காலத்துலதான் தண்ணி வந்துச்சாம்."

"அதுவரிக்கும் ஆத்துலேர்ந்து யாரு தூக்கினது?"

"பலகைல போடல."

"போட மாட்டான். பொம்பளைங்க தூக்கியிருப்பாங்க. சரி, அந்த ஒரு வருசம் கீழ எறங்கினா?"

"எறங்கினா எஜமான் ஆளு புடிச்சுக்குவான்."

"வருசம் பூரா கதவச் சாத்திகினு உள்ள குந்திகினு இருந்தா அதுக்குப் பேரு சொதந்தரமா? நான் வந்ததுலேர்ந்து அதத்தான் பண்ணிகினு கீறேன். எனக்கு எவனும் பலகை வெக்கல."

நான் ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

3

வீட்டுக்கார அம்மா பெயர் லிண்ட்னர். எழுபது வயதுக் கைம்பெண். கீழ்த்தளத்தில் அவர், மேல்தளத்தில் நாங்கள். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே தாலி கட்டி (மோதிரம் மாற்றி என்று சொல்ல வேண்டும்), இதே வீட்டிலிருந்து புருஷனை அடக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்தவர். மகன் வெர்னர் தூரத்தில் பெரிய நகரத்தில் இருக்கிறான். முதல் நாள் எங்களைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தை: "பூண்டு வாசனை எனக்கு ஆகாது. மற்றபடி நீங்கள் மனிதர்கள்தான் என்று தெரிகிறது." நான் சிரித்துவிட்டேன். மனசில் இருப்பதை மறைக்காத ஜனங்களை எனக்குப் பிடிக்கும்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. படிக்கட்டையும் வீட்டு முன்பக்கத் தெருவையும் குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராகப் பெருக்கிக் கழுவ வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். முறை முடிந்ததும் அதை எடுத்து அடுத்தவர் கதவில் மாட்டிவிட வேண்டும். சரசுவுக்கு இந்த ஊரில் முதன்முதலாகப் புரிந்த விஷயம் இதுதான்.

ஆனால் அவளுக்கு வாரமும் கிடையாது, பலகையும் கிடையாது. பாரிவாக்கத்தில் எப்படியோ அப்படியே, விடிவதற்கு முன்னால் எழுந்து, வாளி நிறையத் தண்ணீர் கொண்டுபோய், பெருக்கி, வாசல் தெளித்துவிட்டு வருவாள். சாணி கிடைக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. "தெளிக்காத வாசலப் பாத்தா எழவு ஊடு மாரி கீது" என்பாள். லிண்ட்னர் அம்மாவுக்கு இது பிடித்துப்போயிற்று. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கள், தினமும்! அவள் முறை இல்லாத வாரத்திலும்!" கோடை முழுக்க சரசுவுக்கு அந்தத் தெருவில் நல்ல பெயர். அவளும் அவரைக் கெயவி, கெயவி என்று வாஞ்சையாகத்தான் சொல்வாள். புரியாத மொழியில் சொன்னால் எல்லாம் மரியாதைதான்.

மலர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். கோடை முடிவதற்குள் ஜெர்மன் அவள் வாயில் ஓடியது. என்னை நைனா என்றவள் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள், இங்கே அப்பாவுக்கு அதுதான் சொல். "நம்ம ஊர்ல பாப்பா நீதாண்டி" என்று சரசு அதட்டினால் தோளைக் குலுக்குவாள். அந்தக் குலுக்கலும் பள்ளிக்கூடத்தில் கற்றதுதான்.

ஐப்பசியில் பாரிவாக்கத்திலிருந்து சேதி வந்தது. சரசுவின் தங்கை பச்சையம்மாளுக்கு வைகாசியில் கல்யாணம். சரசு அன்றைக்கே பெட்டியைக் கட்டில் அடியிலிருந்து இழுத்துத் துடைத்துவிட்டாள்.

4

கார்த்திகையில் ஒரு நாள். நான் முதல் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். பனி விழவில்லை, வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சரசு வழக்கம்போல எழுந்தாள், பெருக்கினாள், தெளித்தாள், மேலே வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். அவள் காப்பி போட்டு முடிப்பதற்குள் வாசலில் தெளித்த தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. எங்கள் தெரு மதிலை ஒட்டி இருக்கிற தெரு, சரிவு. லிண்ட்னர் அம்மா ரொட்டி வாங்கக் கூடையோடு இறங்கினார். இரண்டாவது அடி வைக்கவில்லை.

தண்ணீர் கல்லாகும் என்று நமக்குத் தெரியாதா? தெரியும், ஆவடி மார்க்கெட்டில் மரத்தூள் போட்டு ஐஸ் விற்கிறார்களே. வாசலில் தெளித்த தண்ணீர், நாம் தெளிக்கிற தண்ணீர், அப்படி ஆகும் என்று பாரிவாக்கத்தில் பிறந்தவளுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? இந்த ஊர்ப் பெண்கள் குளிர் வந்ததும் வாசலில் சாம்பல் தூவுகிறார்கள். அந்த வாரம் பலகை எங்கள் கதவில் தொங்கியது. சாம்பல் தூவ வேண்டியவள் தண்ணீர் தெளித்திருக்கிறாள்.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் கோட்டை வாசலில் நுழைய முடியாமல் வெளியே நின்றது. நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு கைப்பிடி வழியாக நடந்தார்கள். கூடவே சரசு, காலில் செருப்பு இல்லாமல், அந்தக் கிழவியின் ஒரு காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு.

வெர்னர் அன்று மாலையே வந்தான். சத்தம் போடவில்லை. கையுறையைக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னான்: "மாசக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள்."

5

இப்போது விஷயத்தின் முடிச்சைச் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரன் பெண்டாட்டி பிள்ளையோடு இங்கே இருக்க வேண்டுமென்றால், இன்ன வீட்டில் இத்தனை இடத்தில் இருக்கிறோம் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் அவர்களுக்குத் தங்கும் அனுமதி இல்லை. அனுமதி அடுத்த மாசம் முடிகிறது. கீழே தொழிற்சாலைக் கொட்டகையில் எனக்குக் கட்டில் கிடைக்கும், ஆம்பிளைகளுக்கு மட்டும்.

அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான். எனக்காக மெதுவாகப் பேசினாள். "வீடு இருந்தால் மனைவி இருக்கலாம். வீடு இல்லையென்றால் மனைவி இல்லை." மெதுவாகச் சொன்னதால் நன்றாகப் புரிந்தது.

வீடு தேடினேன். இங்கேதான் பூகோளம் கழுத்தைப் பிடித்தது. மூன்று பக்கம் பாறை, நாலாவது பக்கம் பள்ளம். எத்தனையோ நூறு வருஷமாக அதே வீடுகள்தான், புதுசாக ஒரு செங்கல் வைக்க இடமில்லை. மலைமேல் பேச்சும் கீழே இறங்காது, மதிலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். ஒரு கதவைத் தட்டினேன். திறந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படியில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நீங்கள்தானே?"

"இனி ஊற்ற மாட்டோம்."

"இடம் இல்லை" என்றார். ஜன்னலில் வாடகைக்கு என்ற அட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத் தெரியாமலிருக்க உடம்பை நகர்த்தி அதை மறைத்துக்கொண்டார். அந்த மட்டும் கூச்சம் இருந்ததே என்று திரும்பி வந்தேன்.

சரசு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதுவும் வைக்கவில்லை.

"தெனமும் ஊருக்குப் போணும், ஊருக்குப் போணும்னுவியே" என்றேன்.

"தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டு வரது வேற. தொரத்தி வுட்டாங்கன்னு போயி பாரிவாக்கத்துல எறங்கறது வேறய்யா. புருசன் எங்கன்னு கேப்பாங்க. கொட்டாயில கீறாருன்னு சொல்லவா?" பெட்டி மூடியைச் சாத்தினாள். "நீயில்லாம நான் அங்க போயி இன்னா பண்றது? நானும் புள்ளையும் அங்க, நீ இங்க. மறுபடி எப்ப சேர்றது?"

மலர் மூலையிலிருந்து ஜெர்மனில் சொன்னாள்: "நான் போக மாட்டேன். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது."

சரசு என்னைப் பார்த்தாள். "இன்னா சொல்லுது?"

"பசிக்குதாம்" என்றேன்.

6

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஃபிளாஸ்கில் மிளகு ரசத்தோடு சரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பூண்டு போடவில்லை. நான் வேண்டாம் என்றேன், வெர்னர் இருப்பான் என்றேன். "இருக்கட்டும், அவனுக்கும் ரெண்டு வாய் ஊத்தறேன்" என்று நடந்துவிட்டாள். நானும் மலரும் கூடப் போனோம்.

வெர்னர் இருந்தான். கட்டிலில் லிண்ட்னர் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெர்னர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். நகரத்தில் நல்ல முதியோர் இல்லம், தோட்டம் இருக்கிறது, வீட்டை விற்றுவிடலாம், இனிமேல் அம்மா அந்தச் சரிவில் எப்படி ஏறுவது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாணலிக்குள்ளிருந்து வெளியே தள்ளப்படப் போவது நாங்கள் மட்டுமில்லை.

அந்த அம்மாள் சரசுவைப் பார்த்ததும் மகனை நிறுத்தச் சொன்னார். என்னைத் தாண்டி அவளிடமே கேட்டார், மலர்தான் மாற்றிச் சொன்னாள்.

"அழுக்கே இல்லாத வாசலில் தினமும் ஏன் தண்ணீர் ஊற்றினாய்?"

சரசு யோசிக்கவேயில்லை. "உள்ள ஆளு உசுரோட கீதுன்னு தெருவுக்குத் தெரியணும்ல."

மலர் சொன்னாள். லிண்ட்னர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மகனிடம் சொன்னார்: "நான் என் வீட்டுக்குத்தான் போவேன். இவள் என்னை விழ வைத்தாள், இவளே தூக்கி நிறுத்தட்டும்."

வெர்னர் என்னை ஜன்னல் பக்கம் தள்ளி அழைத்துப் போனான். அம்மா காதில் விழாதபடி ஒவ்வொன்றாகச் சொன்னான். வீட்டில் இருக்கலாம். தாளில் அம்மா கையெழுத்துப் போடுவார். அம்மா நடக்கிறவரை உங்கள் மனைவி கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும். அவள் எங்கேயாவது போனால், ஒரு வாரமானாலும் சரி, அம்மாவை இல்லத்தில் சேர்ப்பேன், வீட்டை விற்பேன்.

"எப்போது நடப்பார்?" என்று கேட்டேன்.

"அது டாக்டருக்கே தெரியவில்லை."

சரசு ரசத்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். லிண்ட்னர் அம்மா ஒரு வாய் குடித்து இருமினார், இன்னொரு வாய் கேட்டார். திரும்பி வரும்போது ஏற்றத்தில் பாதி வழியில் நின்று சரசு கேட்டாள்:

"கெயவி வைகாசிக்குள்ள நடந்துடும்ல?"

"நடந்துடும்" என்றேன்.

7

நடக்கவில்லை.

தை மாசம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் அனுமதியும் வந்தது, மூன்று பேருக்கும் முத்திரை குத்தி. அன்றிலிருந்து சரசுவுக்கு வீடு என்பது மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை, நடுவில் படி. கிழவி படுக்கையருகே ஒரு மணி வைத்திருக்கிறார். அது அடித்தால் இவள் கரண்டியைப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, தலை வாருவது. கோட்டை வாசலைத் தாண்டி அவள் போய் எத்தனை நாளாயிற்று என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். இருவரும் அந்த உள்ளங்கை ஜன்னலருகே உட்கார்ந்து ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கோபம் வரும், யார்மேல் என்று தெரியாது. கிழவி கெட்டவரில்லை. சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறார். அந்தப் பிடிதான் எங்களுக்கு வீடு.

பச்சையம்மாள் கல்யாணத்தன்று காலையில் நான் லீவு போட்டுவிட்டேன். சரசு தன் கல்யாணக் கூறைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மணி அடித்தது. அதே புடவையோடு இறங்கினாள். பின்னாலேயே நானும் மலரும் போனோம்.

"அங்க இப்ப பந்தி நடந்துகினு இருக்கும்" என்றாள் என்னிடம், ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டே. "எங்கம்மா சாம்பார் வாளியத் தூக்கிகினு அல்லாரையும் திட்டிகினு இருக்கும்." ஒரு துண்டைக் கிழவி வாயில் ஊட்டினாள்.

லிண்ட்னர் அம்மா புடவையின் சரிகையைத் தடவிப் பார்த்தார். "என்ன விசேஷம் இன்றைக்கு?"

மலர் சொன்னாள், சித்திக்குக் கல்யாணம் என்று.

"எப்போது?"

"இப்போது."

அந்த அம்மாள் மெல்லுவதை நிறுத்தினார். முகம் உண்மையாகவே வாடிவிட்டது. வெர்னர் போட்ட நிபந்தனையை அவர் மறந்துவிட்டாரா, அல்லது அவருக்கு முழுசாகத் தெரியவே தெரியாதா என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. "போயிருக்கலாமே!" என்றார். "ஏன் போகவில்லை? அம்மாவிடம் கேள்."

மலர் கேட்டாள். சரசு கிழவியின் வாயைத் துடைத்துவிட்டபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"போனா ஊட்ட வித்துடுவான் உன் புள்ள. உன்னையும் கொண்டுபோயி எங்கியோ போட்டுடுவான். நாங்களும் தெருவுல நிக்கணும். போவணும்னு எனக்கு ஆசை இல்லியா? நெஞ்சு அடிச்சுக்குதுன்னு சொல்லு."

மலர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிழவியின் பக்கம் திரும்பி, சுத்தமான ஜெர்மனில், இனிமையாகச் சொன்னாள்:

"அம்மாவுக்குப் போகப் பிடிக்கவில்லையாம். உங்களோடு இங்கே இருக்கத்தான் பிடிக்கிறதாம்."

லிண்ட்னர் அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. சரசுவின் கன்னத்தைத் தடவினார். நான் வாயைத் திறந்தேன், சரசு என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். இத்தனை மாசமாக அந்த ஜன்னலருகே உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கும் ஜெர்மன் காதில் ஏறியிருக்கிறது, மகளுக்குத்தான் அது தெரியாது.

அவள் கிழவியின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, புடவை நலுங்காமல் தூக்கி, தலையணையில் சாய்த்து உட்கார வைத்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது சொன்னாள்:

"பொண்ணு நல்லாதான் பேசுதுய்யா."